வேலை இழக்க முடியாதவர்கள்

‘வேலை போய்விட்டது’ என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால், அவருக்கு முன்னர் வேலை கொடுத்தவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரர் வேலையை இழப்பார். பூக்கடைக்காரர் வேலையை இழப்பதில்லை. அவருக்கு வியாபாரம் படுத்துவிடுகிறது. தறி வைத்திருப்பவருக்கு நூல் வருவது நின்றுவிடுகிறது. வாடகை வண்டிக்காரருக்குச் சவாரி இல்லாமல் போகிறது. பேச்சுத் தமிழ் இந்த வேறுபாட்டை ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை. கடனோடு சேர்த்து விற்கப்படும் காப்பீட்டுப் பத்திரங்களும் குழப்பிக்கொள்வதில்லை. பத்திரத்தை விற்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டுமே வேறுபாடு மறைந்துபோகிறது.

கடன் பாதுகாப்புக் காப்பீடு என்பது எளிய ஏற்பாடுதான். கடன் வாங்கியவர் இறந்தால், விபத்தில் முடங்கினால், கடும் நோய்க்கு ஆளானால், அல்லது வேலையை இழந்தால், நிலுவைக் கடனையோ சில மாதத் தவணைகளையோ காப்பீட்டு நிறுவனம் கட்டும். இதில் இறப்புக்கான பகுதியைக் குறை சொல்ல முடியாது. சம்பாதிப்பவர் போன பிறகு வண்டிக் கடனோ வீட்டுக் கடனோ குடும்பத்தின் தலையில் விழாமல் அது காக்கிறது. வேலையிழப்புக்கான பகுதிதான் சிக்கலானது. இந்தியாவில் விற்கப்படும் இத்தகைய பத்திரங்களில் பொதுவாக அது மூன்று மாதத் தவணைக்குள் நின்றுவிடும். தானாக ராஜினாமா செய்தால் கிடையாது. தகுதிகாண் பருவத்தில் நீக்கப்பட்டால் கிடையாது. விலக்குப் பட்டியலில் பெரும்பாலும் இன்னொரு வரியும் இருக்கும்: சுயதொழில் செய்வோருக்குக் கிடையாது.

அந்த வரி நியாயமற்றது என்று சொல்லிவிட முடியாது. வியாபாரம் படுத்ததா, படுக்கவைக்கப்பட்டதா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்தால் சரிபார்க்க இயலாது. விலக்கு இருப்பது குற்றமன்று. விலக்கப்பட்டவருக்கே அதை விற்பதுதான் குற்றம்.

விற்கும் முறையும் கவனிக்கத்தக்கது. பிரீமியம் பெரும்பாலும் ஒரே தவணையாகக் கடன் தொகையோடு சேர்க்கப்படும். கையிலிருந்து காசு போகாததால் வலிக்காது. ஆனால் சேர்க்கப்பட்ட தொகைக்கும் வட்டி உண்டு. 4,00,000 ரூபாய்க் கடனோடு 21,600 ரூபாய்ப் பிரீமியம் சேர்ந்து, ஆண்டுக்கு 14 விழுக்காடு வட்டியில் 60 மாதத் தவணையாக மாறினால், அந்தப் பிரீமியத்துக்கு மட்டும் மாதம் 503 ரூபாய் அளவில் போகும். ஐந்தாண்டு முடிவில் 21,600 என்பது 30,150 ரூபாயை நெருங்கியிருக்கும். கந்துவட்டிக்காரர் முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் பணத்தைக் கையில் கொடுப்பார். அந்த முன்பிடித்தத்தை எவரும் பாதுகாப்பு என்று அழைத்ததில்லை.

சித்தூர், திருப்பதிப் பகுதியில் இதற்கு இன்னொரு பரிமாணமும் உண்டு: மொழி. 1911இல் வட ஆர்க்காடு, கடப்பை ஆகிய மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவான சித்தூர் மாவட்டம், தொடக்கம் முதலே இருமொழி நிலம். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர, கோட்டுக்கு அப்பால் நகரியிலும் புத்தூரிலும் சத்தியவேட்டிலும் குப்பத்திலும் வீட்டுத் தமிழ் நகரவில்லை. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமானது. இந்த ஊர்களில் பிறந்த பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் தெலுங்கு எழுதப் படித்தவர்கள், கையெழுத்திடுவதோ ஆங்கிலப் பத்திரத்தில். காப்பீட்டைத் தமிழ் ஏடுகள் ‘காப்பீடு’ என்கின்றன, தெலுங்கு ஏடுகள் ‘பீமா’ என்கின்றன, ஊர் ‘இன்சூரன்ஸ்’ என்கிறது. பெயர் மூன்றானாலும் பொருள் ஒன்றுதான். சிக்கல் ‘வேலை’ என்ற சொல்லில் இருக்கிறது. தெலுங்கில் ‘உத்யோகம்’ என்றால் ஒருவரிடம் பார்க்கும் சம்பள வேலை. ‘பனி’ என்றால் எந்த வேலையும்; தமிழின் ‘பணி’க்கு அது உடன்பிறப்பு. ‘உத்யோகம் போனால்’ என்பதற்கும் ‘பனி போனால்’ என்பதற்கும் இடையே உள்ள தூரம், காப்பீட்டுத் தொகை கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் இடையே உள்ள தூரம்.

புத்தூர்ப் பக்கத்திலிருந்து திருப்பதிக்கு வந்து வாடகை வேன் ஓட்டும் ஒருவர் இந்தத் தூரத்தை நடந்தே அளந்தவர். திருச்சானூர், காளஹஸ்தி, காணிப்பாக்கம் என்று யாத்திரிகர்களைச் சுற்றிக் காட்டிக்கொண்டுவந்து விடுவது அவர் தொழில். 2019இன் நடுவில் பழைய வேன் ஒன்றை வாங்க 4,00,000 ரூபாய்க் கடன் கேட்டார். கடன் கொடுத்த நிறுவனத்தின் ஆள், பனி போனால் மூன்று தவணையைக் கம்பெனி கட்டிவிடும் என்று தெலுங்கில் விளக்கினார். சவாரி இல்லாத காலம் எப்படிப்பட்டது என்பதை அறிந்த ஓட்டுநருக்கு அது நல்ல ஏற்பாடாகவே பட்டது. காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்திட்டார். 21,600 ரூபாய் கடனில் ஏறியது.

2020 மார்ச் 20ஆம் நாள் திருமலையில் பக்தர்களுக்குத் தரிசனம் நிறுத்தப்பட்டது. அடுத்த சில நாள்களில் நாடே அடைத்துக்கொண்டது. ஜூன் 8ஆம் நாள் சோதனை முறையில் கோயில் திறக்கப்பட்டு, 11ஆம் நாள்முதல் பொதுமக்கள் அனுமதிக்கப்பட்டார்கள். எனினும் பழைய கூட்டம் உடனே திரும்பிவிடவில்லை. மலைமேல் தரிசனம் நின்றால் மலையடிவாரத்தில் எத்தனை அடுப்புகள் அணையும் என்பதைத் திருப்பதி அந்த எண்பது நாள்களில் எண்ணிப் பார்த்தது. பூ தொடுப்பவர்கள், வண்டிக்காரர்கள், விடுதிகளுக்குத் துணி துவைப்பவர்கள், பொம்மை விற்பவர்கள் என எவரையும் யாரும் வேலையைவிட்டு நீக்கவில்லை. எல்லோருக்கும் வேலை அப்படியே இருந்தது. வருமானம் மட்டுமே இல்லை. இந்திய ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்டு வரை தவணைகளைத் தள்ளிப்போட அனுமதித்தது. தள்ளிப்போன காலத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

செப்டம்பரில் ஓட்டுநர் அந்த மூன்று தவணைகளைக் கேட்டார். பதில் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது: வேலை நீக்கக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, நிறுவனத்தின் சான்று ஆகியவற்றை இணைக்கவும். படித்துச் சொன்னவள் கல்லூரியில் படிக்கும் மகள். அவளே பிறகு பெட்டியிலிருந்து காப்பீட்டுச் சான்றிதழைத் தேடியெடுத்து வரி வரியாகப் படித்தாள்.

“நைனா, இதுல உன்ன மாசச் சம்பளக்காரன்னு போட்டிருக்காங்க.”

“எனக்கு யாரும்மா சம்பளம் கொடுக்கறது? ஏழுமலையான்தான் கொடுக்கணும்.”

அந்த வேடிக்கையான பதிலில்தான் வழக்கின் முழு வலிமையும் இருந்தது. சான்றிதழ் அவரைச் சம்பளக்காரர் என்றது. அதே நாளில், அதே மேசையில் நிரப்பப்பட்ட கடன் விண்ணப்பமோ அவரைச் சுயதொழில் செய்பவர் என்றது. கடனே வாடகை வண்டிக்குத்தான்; மஞ்சள் எண்பலகையின் படமும் பெர்மிட் நகலும் கோப்பிலேயே இருந்தன. விற்றவருக்குத் தெரியாது என்று சொல்ல இடமில்லை. இத்தகைய ஏற்பாடுகளில் பலவும் குழுக் காப்பீடுகள் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். முதன்மைப் பாலிசி கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரில் இருக்கும். கடன் வாங்கியவரிடம் வருவது ஓரிரு பக்கச் சான்றிதழ் மட்டுமே. விலக்குகளின் முழுப் பட்டியல் அவர் கண்ணில் படாத காகிதத்தில் இருக்கும்.

இப்படி ஒரு விற்பனை ஒரு நாடு முழுவதும் நடந்தால் என்ன ஆகும் என்பதைப் பிரிட்டன் காட்டியிருக்கிறது. அங்கே 1990 முதல் 2010 வரையிலான ஆண்டுகளில் ஏறத்தாழ 6.4 கோடி கடன் பாதுகாப்புப் பத்திரங்கள் விற்கப்பட்டன. சுயதொழில் செய்வோருக்கு வேலையிழப்புப் பகுதி பெயரளவில் இருந்த பத்திரங்களும் உண்டு. ஆனால் தொகை பெற, தொழிலையே முற்றாக மூடிவிட்டதாகக் காட்ட வேண்டியிருந்தது. இரண்டு மாதம் வேலை வராத தச்சரால் அதைக் காட்ட முடியாது. காட்டினால் மூன்றாம் மாதம் தொழில் இருக்காது. 2005இல் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற மக்கள் ஆலோசனை அமைப்பு இந்த விற்பனை முழுவதையும் எதிர்த்து முறையிட்டது. கட்டுப்பாட்டு அமைப்பு வகுத்த இழப்பீட்டு விதிகளை எதிர்த்து வங்கிகள் நீதிமன்றம் போய், 2011 ஏப்ரலில் தோற்றன. 2019 ஆகஸ்டு 29 வரை முறையிட அவகாசம் தரப்பட்டது. 2011க்குப் பிறகு திருப்பிக் கொடுக்கப்பட்ட தொகை 3,800 கோடி பவுண்டைத் தாண்டியது.

தொகையைவிட அதைக் கணக்கிட்ட முறை கவனத்துக்குரியது. பிரீமியம், அந்தப் பிரீமியத்துக்காகக் கட்டப்பட்ட வட்டி, இவ்வளவு காலம் பணம் கையில் இல்லாமல் போனதற்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு தனிவட்டி என மூன்றையும் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பது அங்கே வழக்கமானது. 2014 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் பிளெவின் வழக்கில் இன்னும் ஒரு படி சென்றது. 2006இல் 34,000 பவுண்டு கடன் வாங்கிய கல்லூரி ஆசிரியை ஒருவருக்கு 5,780 பவுண்டு பிரீமியத்தில் காப்பீடு விற்கப்பட்டிருந்தது. அதில் 71.8 விழுக்காடு கமிஷனாகப் போயிருந்தது. அவருக்கு அது சொல்லப்படவில்லை. அவ்வளவு பெரிய கமிஷனை மறைத்ததே அந்த உறவை நியாயமற்றதாக்கியது என்றது தீர்ப்பு.

இந்தியாவில் அப்படியொரு பெருங்கணக்குத் தீர்ப்பு நாள் வந்ததில்லை. ஆனால் தனித்தனியே வாசல்கள் உண்டு. 2017ஆம் ஆண்டின் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் விதிகள், பாலிசியின் நிபந்தனைகளைத் தவறாகச் சொன்னது, விண்ணப்பத்தில் சொன்னதற்கு மாறாகப் பாலிசி கொடுத்தது ஆகிய இரண்டையும் முறையீட்டுக்குரிய காரணங்களாகப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகின்றன. குழுக் காப்பீட்டின் கீழ் வருபவரும் போகலாம். கட்டணம் இல்லை; வழக்கறிஞரும் இல்லை. முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். ஆந்திரப் பிரதேசத்துக்கான அலுவலகம் ஹைதராபாத்தில் இருக்கிறது. 2021இல் விதிகள் திருத்தப்பட்டு, மின்வழி முறையீடும் காணொலி விசாரணையும் வந்த பிறகு, திருப்பதியிலிருந்து ஹைதராபாத்துக்கு ரயிலேற வேண்டிய தேவையும் குறைந்தது.

ஓட்டுநரின் விசாரணை ஒரு கைப்பேசித் திரையில், தெலுங்கில் நடந்தது. மகள் இரண்டு காகிதங்களை அருகருகே வைத்துப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள்: சுயதொழில் என்ற கடன் விண்ணப்பம், சம்பளக்காரர் என்ற சான்றிதழ். மூன்று தவணைகளை அவர் கேட்கவில்லை. சம்பளக்காரருக்கான காப்பீட்டில் தவணை கேட்டால், சம்பளச் சீட்டு எங்கே என்ற கேள்விக்கே மறுபடியும் போய் நிற்க வேண்டும். எனக்குப் பயன்படாது என்று தெரிந்தே விற்றதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்பது மட்டுமே அவர் கோரிக்கை. சமரசத்தில் காப்பீட்டு நிறுவனம் 21,600 ரூபாயையும் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. தொகை கடன் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அதோடு இறப்புக்கான பாதுகாப்பும் முடிந்துபோனது. அதற்கு அவர் தனியாக ஒரு பாலிசி எடுத்தார்.

வட்டி திரும்பி வரவில்லை. பிரீமியம்தான் எங்களிடம் வந்தது, வட்டி வரவில்லை என்றது காப்பீட்டு நிறுவனம். காப்பீட்டை விற்றது நாங்கள் அல்ல, கடன்தான் கொடுத்தோம் என்றது கடன் நிறுவனம். ஒரே மேசையில், ஒரே ஆள், ஒரே பேனாவால் நிரப்பிய இரண்டு தாள்கள், பணத்தைத் திருப்பிக் கேட்டபோது இரண்டு நிறுவனங்களாகப் பிரிந்து நின்றன. பிரிட்டன் முறையில் முதல் கணக்கிலேயே சேர்ந்திருக்கும் தொகை இங்கே இருவருக்கு நடுவே விழுந்துபோனது.

கடன் நிறுவனத்தின் மீதும் முறையிட இடம் உண்டு. 2021 நவம்பரில் தொடங்கப்பட்ட ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஆம்பட்ஸ்மேன் திட்டம் வங்கிகளோடு பல நிதி நிறுவனங்களையும் உள்ளடக்கியது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, முறையிடுபவர் தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். அங்கே கையில் வைத்திருக்கத் தக்க தீர்ப்பு ஒன்று உண்டு. 2022 நவம்பரில் டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீக்காப்பீட்டை ஆராய்ந்தது. கடை இருந்ததோ நிலவறையில். பாலிசியின் விலக்குப் பிரிவோ நிலவறைக்குக் காப்பீடு இல்லை என்றது. கடை எங்கே இருக்கிறது என்று தெரிந்தே பிரீமியம் வாங்கிவிட்டு, தீப்பிடித்த பிறகு அந்தப் பிரிவைக் காட்டுவது நியாயமற்ற வணிக நடைமுறை என்றும், ஒப்பந்தத்தின் நோக்கத்தையே அழிக்கும் விலக்கு நிற்காது என்றும் நீதிமன்றம் சொன்னது. நிலவறைக் கடைக்கும் மஞ்சள் எண்பலகை வேனுக்கும் உள்ள ஒற்றுமையைப் பார்க்கச் சட்டப் படிப்புத் தேவையில்லை.

வரும் முன் காப்பதற்கான விதிகளும் இப்போது முன்னைவிடத் தெளிவாக இருக்கின்றன. 2024 முதல் பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். முன்பு இது பொதுவாக 15 நாள்களாக இருந்தது. 2022 மார்ச்சில் வந்த நுண்கடன் விதிகளின்படி, கடன் அல்லாத எதையும் கடனாளியின் முழு ஒப்புதலோடுதான் விற்க வேண்டும். அதன் கட்டணம் கடன் அட்டையிலேயே எழுதப்பட வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களின் கடன்களுக்கும் சிறு தொழில்களின் கடன்களுக்கும் முக்கியத் தகவல் அறிக்கை கட்டாயம். பிறருக்காக வசூலிக்கும் காப்பீட்டுக் கட்டணம் அதில் தனியாகக் காட்டப்படுவதோடு, கடனின் ஆண்டு மொத்தச் செலவு விகிதத்திலும் சேர வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தைக் கடனாளியின் வெளிப்படையான ஒப்புதல் இன்றிப் பிறகு வசூலிக்க முடியாது. அந்த அறிக்கை கடனாளிக்குப் புரியும் மொழியில் எழுதப்பட வேண்டும் என்பதும், அதை விளக்கிச் சொல்லி, புரிந்துகொண்டதாக ஒப்பம் பெற வேண்டும் என்பதும் அதே விதியில் உள்ளவை.

‘புரியும் மொழி’ என்ற அந்தச் சொற்றொடர் சித்தூரில் எதைக் குறிக்கும்? மாநிலத்தின் மொழி தெலுங்கு. ஆகவே தெலுங்கில் ஓர் அச்சடித்த தாளைக் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று நிறுவனங்கள் எண்ணக்கூடும். பலருக்கு அது போதும். தமிழ் மட்டுமே அறிந்த மூதாட்டிக்குப் போதாது. தெலுங்கு தெரிந்தவருக்கும்கூட, ‘உத்யோகம்’ என்று அச்சாகியிருப்பதைப் ‘பனி’ என்று வாயால் சொல்லி விற்றால் போதாது. மொழி எது என்ற கேள்வியோடு, அந்த மொழியின் எந்தச் சொல் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டால்தான் விதிக்கு உயிர் வரும். ஒரு கேள்வி போதும்: ‘எனக்குச் சம்பளம் கிடையாது; எனக்கு எது நடந்தால் இந்தப் பணம் வரும், அது எந்த வரியில் இருக்கிறது?’ இந்தக் கேள்வியைக் கையெழுத்துக்கு முன் கேட்டால் பணம் மிஞ்சும். பின்னால் கேட்க நேர்ந்தால் கடன் விண்ணப்பம், காப்பீட்டு விண்ணப்பம், சான்றிதழ், கணக்கு அறிக்கை ஆகிய நான்கின் நகல்களையும் எழுத்துமூலம் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலும் விற்றவரின் கையெழுத்தே விற்றவருக்கு எதிரான சாட்சியாக அவற்றில் இருக்கும்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் ஒப்புதலுக்குத் தரும் இலக்கணம் வியப்பூட்டும் அளவுக்கு மொழியியல் சார்ந்தது. இருவர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஏற்றுக்கொள்வதே ஒப்புதல் என்கிறது அது. கையெழுத்தைப் பற்றி அந்த இலக்கணத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஒருவர் ‘பனி’ என்று கேட்டு, மற்றவர் ‘உத்யோகம்’ என்று எழுதிக்கொண்ட இடத்தில் ஒரே அர்த்தம் என்பது இருந்ததே இல்லை. அப்படிப் பார்த்தால் திருப்பிக் கேட்கப்படும் பிரீமியம் யாருடைய தயவும் அன்று. ஒப்புக்கொள்ளாத ஒன்றுக்காகக் கட்டிய பணம் அது. அதன் வட்டியும் அப்படித்தான்.